கத்திக்கு எலுமிச்சைக் குளியல்! கெரிஸ் பற்றித் தெரியுமா?

ஒரு குத்துவாளுக்குப் பெயர் சூட்டி, 'கியாய்' என்று பெரியவர்களுக்குரிய மரியாதைப் பட்டமும் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை குளிப்பாட்டி, சந்தன எண்ணெய் பூசி, மறுபடி உறைக்குள் படுக்க வைப்பார்கள் என்றால் நம்புவீர்களா? ஜாவாவில் ஆண்டு பிறக்கும் சூரோ மாதம் வந்தால் இன்றும் நடக்கிறது! மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, பாலி, சுலாவெசி, தாய்லாந்தின் தென்கோடியில் உள்ள பத்தானி என்று பரந்து கிடக்கும் மலாய் உலகத்தின் கெரிஸ் கத்திதான் அது. அங்கே அதை ஆயுதமாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் மூத்த ஓர் ஆளாகவே நடத்துகிறார்கள்.

பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து போகிறதே, அந்த வளைவுகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 3, 5, 7, 9, 11, 13... எப்போதும் ஒற்றைப்படைதான்! வளைவே இல்லாத நேர் கெரிஸும் ஏராளம். வளைந்தது ஊர்ந்து செல்லும் நாகம், நேரானது அசையாமல் தவமிருக்கும் நாகம் என்பார்கள்.

அலகின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அங்கே சின்னதாக ஒரு சுருள் எட்டிப் பார்க்கும். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பெலாலாய் காஜா', அதாவது யானைத் துதிக்கை! நம் கஜம்தான் அங்கே காஜா. அதே சுருளை ஜாவாக்காரர்கள் பயற்றம்பூ என்கிறார்கள். சுண்டுவிரல் நகத்தளவு இரும்பில் ஒருவருக்கு யானை தெரிகிறது, இன்னொருவருக்குப் பூ தெரிகிறது!

இனி அலகின் மேல் ஓடும் வெள்ளிக் கோலத்துக்கு வருவோம். அது செதுக்கியதும் அல்ல, வரைந்ததும் அல்ல. இரும்புக்குள்ளேயே பிறந்தது! சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, கரி உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். நீட்டுவார்கள், மடிப்பார்கள், மறுபடி அடிப்பார்கள். அப்படிச் சேர்ந்த அடுக்குகளுக்கு நடுவே எஃகுத் தகடு ஒன்றை வைத்துக் கூர்முனையை உண்டாக்குவார்கள். உலையில் போட்ட இரும்பில் பெரும்பங்கு செதில் செதிலாக உதிர்ந்தே போய்விடும். இந்தக் கோலத்துக்குப் பெயர் பாமோர். சிந்திய அரிசிமணிகள் போன்ற ஒரு கோலம், தங்க மழை என்று இன்னொன்று! தங்க மழைக் கெரிஸ் கையில் இருந்தால் செல்வம் கொட்டும் என்று வியாபாரிகள் தேடித் தேடி வாங்கினார்கள்.

அந்த நிக்கல் எங்கிருந்து வந்தது? சுலாவெசித் தீவின் லூவு பகுதி இரும்பு கப்பலேறி ஜாவாவுக்குப் போனது. வானத்திலிருந்தும் வந்தது! ஜாவாவின் பிரம்பானான் கோயில் பக்கம் விழுந்த விண்கல் ஒன்றை 1797-இல் சுரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் துண்டுகளை உலையிலிட்டுக் கெரிஸ் அடித்தார்கள். எஞ்சிய கல்லுக்கும் மரியாதைப் பெயர் உண்டு: கன்ஜெங் கியாய் பாமோர்!

அடித்து முடித்ததும் அலகு மங்கலாகத்தான் இருக்கும். கோலம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் குளியல் வேண்டும். இளநீரில் ஊறவைத்துத் துருவை இளக்குவார்கள். எலுமிச்சையும், நாம் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் போடுகிற பூந்திக்கொட்டை இனக் காயும் போட்டுத் தேய்ப்பார்கள். அதன் பிறகு, எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்செனிக்! பாஷாணம் பட்டதும் இரும்பு கறுத்துப் போகும், நிக்கல் மட்டும் வெள்ளியாக மின்னும். கருமேகத்துக்குள் மின்னல் நிற்பதுபோல் கோலம் எழுந்து வரும். இந்தக் கலையில் என்னை மிகவும் அசர வைப்பது இந்த ஒரு கணம்தான்.

கெரிஸ் கொல்லனுக்கு 'எம்பு' என்று பெயர். அவன் பெருமையைக் கல்லிலேயே வடித்திருக்கிறார்கள். ஜாவாவின் லாவு மலைச் சரிவில் 15-ஆம் நூற்றாண்டின் சுக்கு கோயிலில் ஒரு கொல்லுப்பட்டறைச் சிற்பம் இருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்து ஆயுதம் அடிப்பவன் பீமன்! வலப்பக்கம் நின்று துருத்தி அழுத்துபவன் அர்ச்சுனன்! நடுவில் கூத்தாடுகிறார் நம்ம பிள்ளையார்! அதற்கும் பழையது நாட் என்ற டச்சுக்காரருக்கு ஜாவா அரச குடும்பம் பரிசளித்த கெரிஸ். அதன் அலகில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 என்று பொறித்திருக்கிறது. மேலே போர்த்திய செம்புத் தகட்டில் இருப்பது ராமாயணக் காட்சி!

பிடியும் சும்மா இல்லை. மலாய்ப் பிடிகளில் புகழ்பெற்ற ஒன்றுக்கு 'ஜாவா டெமாம்' என்று பெயர், அதாவது காய்ச்சலில் கிடக்கும் ஜாவாக்காரன். கைகளைக் கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கிக் குறுகி உட்கார்ந்த உருவம்! பத்தானி, கிளந்தான் பக்கத்துப் பிடியிலோ நீண்ட மூக்கை நீட்டிக்கொண்டு மீன்கொத்தி.

மலேசியாவின் அரசுச் சின்னத்தில் மேல்வரிசையில் 5 கெரிஸ் இருப்பதைக் கவனித்தீர்களா? ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களுக்கு ஆளுக்கொன்று. மாமன்னர் முடிசூடும்போது முத்தமிடும் நீண்ட கெரிஸை, மலாயாவின் 11 மாநிலங்களின் கத்திகளிலிருந்து எடுத்த எஃகைச் சேர்த்து அடித்தார்கள். 1989-இல் வந்து 2005-இல் செல்லாமல் போன பழைய 1 ரிங்கிட் நாணயம் உண்டியலில் கிடந்தால் திருப்பிப் பாருங்கள், அதிலும் கெரிஸ்!

டச்சுக்காரர்களை எதிர்த்து 1825 முதல் 1830 வரை போரிட்ட ஜாவா இளவரசர் திப்போநெகோரோவின் கெரிஸ் நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் அருங்காட்சியகத்தில் எது என்று தெரியாமலே கிடந்தது. அடையாளம் கண்டு 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 190 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய கத்தி!

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இந்தோனேசியாவிலோ இருக்கிற உறவினர் வீட்டில் பழைய கெரிஸ் ஒன்று கண்ணில் பட்டால் ஒன்று செய்யுங்கள். அந்தக் கறுப்பைத் துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பாஷாணக் குளியலையும் வீட்டில் முயல வேண்டாம். துளி எண்ணெய் தடவி உறையில் போட்டு, தெரிந்த கைவினைஞரிடம் காட்டச் சொல்லுங்கள்.