நோ காஸ்ட் இஎம்ஐ-ல போன்: அந்த 464 ரூபாய் எங்கேர்ந்து வந்துச்சு?

ரெண்டு மாசம் முன்னாடி என் தம்பி 30,000 ரூபாய் போனை நோ காஸ்ட் இஎம்ஐ-ல எடுத்தான். மாசம் 5,000, ஆறு மாசம். "வட்டியே இல்லண்ணா"ன்னு ஒரே சந்தோஷம். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் முகம் மாறிடுச்சு.

வட்டி இல்லாம எந்த பேங்க்கும் கடன் தராது. ஜீரோ பெர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லிடுச்சு. அப்போ நடக்கிறது என்ன? வருஷத்துக்கு 15% வட்டின்னா, ஆறு மாசத்துக்கு சுமார் 1,270 ரூபாய். அதை விலையில தள்ளுபடியா கழிச்சுட்டு, 28,730-ஐ மட்டும் கடனா போடுறாங்க. வட்டியும் சேர்ந்து மொத்தம் திரும்ப 30,000. இதுவரைக்கும் சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி இருக்கே, அந்த 229 ரூபாய் நம்ம பாக்கெட்லேர்ந்துதான். அவன் கார்டுக்கு பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி 36. ஆக 464.

இதுகூட பரவாயில்ல. முழுப்பணமும் ஒரே தடவையா கட்டினா அதே போனுக்கு 1,500 ரூபாய் டிஸ்கவுண்ட் இருந்துச்சு. அவன் பார்க்கவே இல்ல. இத்தனைக்கும் பணம் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சும்மாதான் கிடந்துச்சு! "வட்டி இல்லாத" கடனுக்கு கிட்டத்தட்ட 2,000 ரூபாய் போச்சு.

பே பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடி, முழுப்பணம் கட்டினா என்ன விலைன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. தம்பி இப்போ இயர்பட்ஸுக்கும் இஎம்ஐ இருக்கான்னு கேக்கிறான். அது தனி வீடியோ.