எது முன், எது பின்? கணிப்பொறி விளையாட்டுகளில் ஏற்று வரிசை

நெல்லை நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பறித்து, அதன் பின்னரே வயலில் நடுகிறோம். பெருக்கல் வாய்பாடு பயிலாத மாணவனுக்கு வகுத்தலைக் கற்பிக்க எந்த ஆசிரியரும் முற்படுவதில்லை. ஒரு காரியம் மற்றொன்றைச் சார்ந்து நிற்குமிடத்து, சார்ந்திருப்பது பின்னும் சார்பிடம் முன்னுமாக அமைய வேண்டும் என்பது அனுபவத்தால் யாவரும் அறிந்த உண்மையாகும். இவ்வுண்மையை மிகக் கண்டிப்பாக வற்புறுத்தும் களம் ஒன்று இன்றைய இளைஞர்களின் பொழுதுபோக்கினுள்ளேயே அமைந்திருக்கிறது. கணிப்பொறி விளையாட்டுகளுடன் சேர்க்கப்படும் மாற்றத் தொகுப்புகளின் வரிசையே அது.

மூல விளையாட்டை வெளியிட்டவர் அல்லாத பிறர் இயற்றி, அதனுடன் இணைக்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'மாட்' என்பர். இதனை இக்கட்டுரையில் 'மாற்றத் தொகுப்பு' என்றும், சுருக்கமாகத் 'தொகுப்பு' என்றும் வழங்குவோம். விரும்பிய தொகுப்புகளையெல்லாம் சேர்த்துவிட்டு, விளையாட்டைத் துவக்கியவுடன் அது நின்றுபோவதைக் கண்டு மனம் சோரும் மாணவர் பலர். அவர்கள் இதனைக் கணிப்பொறியின் பழுது என்றோ, தற்செயல் என்றோ கருதி, வரிசையை மனம் போனபடி மாற்றிப் பார்க்கின்றனர். இம்முயற்சியில் பல மணி நேரம் வீணாவதோடு, காரணத்தைத் தேடும் பழக்கமும் குன்றுகிறது. உண்மையில் வரிசைக்குத் தெளிவான விதிகள் உண்டு. அவ்விதிகள் எவை என்பதையும், வரிசையால் மட்டும் தீராத சிக்கல் எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு விளையாட்டு

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரில் உள்ள பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டை 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் நாள் வெளியிட்டது. இதன் சிறப்புப் பதிப்பு 2016-ஆம் ஆண்டில் வந்தது. பனி படர்ந்த ஒரு கற்பனை நாட்டில் ஆடுபவர் தம் விருப்பம்போல் உலவித் திரியலாம். இதே வரிசையைச் சேர்ந்த 'மாரோவிண்ட்' என்னும் விளையாட்டை 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டபொழுதே, விளையாட்டின் உலகை மாற்றியமைப்பதற்கான கருவியையும் அந்நிறுவனம் உடன் வழங்கியது. ஸ்கைரிமுக்கும் அத்தகைய கருவி 2012-ஆம் ஆண்டில் கிடைத்தது. அது முதற்கொண்டு ஆர்வலர்கள் எண்ணிறந்த தொகுப்புகளை இயற்றி வந்துள்ளனர். ஒருவர் புதியதோர் ஊரை அமைப்பார். ஒருவர் வானிலையை மாற்றுவார். மற்றொருவர் வாளின் எடையைக் குறைப்பார்.

விளையாட்டின் உலகில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், மனிதருக்கும், இடத்துக்கும் ஒரு பதிவு உண்டு. தொகுப்பு கொண்டுவரும் பதிவுகள் ஒரு பதிவுக் கோப்பில் அடங்கியிருக்கும். விளையாட்டு துவங்குகையில் இக்கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. அவ்வாறு ஏற்றப்படும் ஒழுங்கே 'ஏற்று வரிசை' எனப்படும். வண்டியில் மூட்டை ஏற்றுவதை நினைத்துக்கொண்டால் இப்பெயரின் பொருத்தம் விளங்கும். முதலில் ஏற்றியது அடியில் இருக்கும். கடைசியில் ஏற்றியதே மேலே நின்று கண்ணுக்குத் தெரியும்.

எண்ணின் அமைப்பு

ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு இலக்கங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. இது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்படுவது. இம்முறையில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்குப் பின் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் எழுத்துகள் முறையே 10 முதல் 15 வரையுள்ள மதிப்புகளைக் குறிக்கும். அடையாள எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கோப்பு வரிசையில் வகிக்கும் இடத்தையும், எஞ்சிய ஆறும் கோப்பினுள் பதிவின் எண்ணையும் காட்டுகின்றன. மூல விளையாட்டின் கோப்பு 00 என்னும் இடத்தில் நிற்கும்.

இரண்டு இலக்கங்களால் 16 × 16 = 256 இடங்களையே குறிக்க முடியும். இவற்றுள் எஃப்எஃப் என்னும் கடைசி இடம், விளையாட்டு நடைபெறும்பொழுது புதிதாய்த் தோன்றும் பொருள்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே மூலக் கோப்புகளையும் சேர்த்து 255 கோப்புகளுக்கு மேல் ஏற்ற இயலாது என்னும் வரம்பு ஏற்பட்டது. இவ்வரம்பு எவரும் விதித்த சட்டமன்று. எண்ணின் அமைப்பிலிருந்தே பிறந்தது. பின்னர்ச் சிறப்புப் பதிப்பில் இலகு கோப்புகள் என்னும் சிறு வகை புகுத்தப்பட்டது. இவையனைத்தும் எஃப்ஈ என்னும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு, அடுத்த மூன்று இலக்கங்களால் தம்முள் வேறுபடுகின்றன. மூன்று இலக்கங்களால் 16 × 16 × 16 = 4096 கோப்புகளைக் குறிக்கலாம். ஆனால் பதிவின் எண்ணுக்கு மூன்று இலக்கங்களே எஞ்சுவதால், சிறிய தொகுப்புகளே இவ்வகையில் அடங்கும்.

இரண்டு விதிகள்

முதல் விதி சார்பைப் பற்றியது. ஒரு கோப்பு வேறொரு கோப்பின் பதிவுகளைப் பயன்படுத்துமாயின், அதன் பெயரைத் தன் தலைப்பகுதியில் குறிப்பிட்டிருக்கும். அவ்வாறு குறிப்பிடப்படும் கோப்புக்கு 'தலைமைக் கோப்பு' எனப் பெயரிடலாம். தலைமைக் கோப்பு முன்னரும், அதனைச் சார்ந்தது பின்னரும் ஏற்றப்பட வேண்டும். தலைமைக் கோப்பு இல்லாமற்போனால் ஸ்கைரிம் பெரும்பாலும் துவக்கத்திலேயே நின்றுவிடும். மேற்கூறிய மாணவர்களின் துன்பத்திற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

இரண்டாம் விதி போட்டியைப் பற்றியது. ஒரே பதிவை இரண்டு கோப்புகள் மாற்றினால், பின்னர் ஏற்றப்பட்டதே செல்லும். முன்னதன் மாற்றம் மறைந்துவிடும். இங்கு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. பதிவின் ஒரு பகுதி மட்டும் மாறுவதில்லை. பதிவு முழுவதுமே பின்னதன்படி அமைகிறது.

மூல விளையாட்டில் இரும்பு வாளின் தாக்கும் வலிமை 7, எடை 9. முதல் தொகுப்பை இயற்றியவர் எடையை 6 ஆகக் குறைத்தார், வலிமையைத் தொடவில்லை. இரண்டாம் தொகுப்பை இயற்றியவர் வலிமையை 10 ஆக உயர்த்தினார், எடையைத் தொடவில்லை. ஆடுபவர் இரண்டையும் விரும்பிச் சேர்க்கிறார் என்று கொள்வோம். இரண்டாவது தொகுப்பு பின்னர் ஏறினால் வலிமை 10, எடை 9. முதல் தொகுப்பு பின்னர் ஏறினால் எடை 6, வலிமை 7. அவர் விரும்பியதோ வலிமை 10, எடை 6. எவ்வளவு முறை மாற்றி அடுக்கினாலும் அப்பயன் கிட்டாது.

ஆகவே, வரிசை என்பது எது வெல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யுமே அன்றி, இரண்டையும் இணைத்துத் தராது. இணைப்பு வேண்டுமாயின், வலிமை 10, எடை 6 என்று எழுதிய மூன்றாவது கோப்பு ஒன்றை ஆக்கி, இரண்டுக்கும் பின்னர் ஏற்றுவதே வழி. இதனை இணக்கக் கோப்பு என்னலாம். 'எக்ஸ்எடிட்' என்னும் கருவி, ஒரே பதிவை எந்தெந்தக் கோப்புகள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பத்தி பத்தியாக அருகருகே காட்டி இவ்வேலைக்குத் துணை செய்கிறது. பேழைகளிலும் பகைவரிடத்தும் என்னென்ன பொருள் கிடைக்கும் என்னும் பட்டியல்களை ஒன்றுசேர்க்க 'ரை பேஷ்' என்னும் கருவி உதவுகிறது.

உருவக் கோப்புகளுக்கு வேறு வரிசை

பொருள்களின் வடிவம், மேற்பரப்பின் நிறம், ஒலி ஆகியவை தனிக் கோப்புகளாக இருக்கும். இவற்றுக்கும் பதிவுக் கோப்புகளுக்கும் வரிசை ஒன்றெனக் கருதுவது பொதுவான பிழை. பொதியாகக் கட்டப்பட்ட உருவக் கோப்புகளைக் காட்டிலும், கட்டாமல் தனியே வைக்கப்பட்டவையே செல்லும். ஒரே பெயர் கொண்ட இரண்டு தனிக் கோப்புகள் ஒரே இடத்தில் நிறுவப்பட்டால், பின்னர் நிறுவியது முன்னதை அழித்து அதன் இடத்தில் அமர்ந்துவிடும். 'மாட் ஆர்கனைசர்' என்னும் கருவி ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனி உறையில் வைத்து, ஆட்டத்தின்போது மட்டும் ஒன்றாக இருப்பதுபோல் காட்டுகிறது. ஆதலின் எதுவும் அழிவதில்லை. அதன் திரையில் இடப்புறம் நிறுவல் வரிசையும் வலப்புறம் பதிவுக் கோப்புகளின் ஏற்று வரிசையும் தனித்தனியே காணப்படும்.

வரிசைப்படுத்தும் முறை

பெரிய பணித்திட்டங்களில் எவ்வேலைக்குப் பின் எவ்வேலை என்று முடிவு செய்வதற்குரிய எளிய முறை ஒன்றை ஆர்தர் கான் என்பவர் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையை ஐந்து கோப்புகளைக் கொண்டு காண்போம். மூலம் எதனையும் சாராதது. ஊர், வானிலை ஆகிய இரண்டும் மூலத்தைச் சார்ந்தவை. ஊர் விளக்கு என்பது ஊரைச் சார்ந்தது. இணக்கக் கோப்பு வானிலையையும் ஊர் விளக்கையும் சார்ந்தது.

எதனையும் சாராததை முதலில் எழுதி, அதனை மற்றவற்றின் சார்புப் பட்டியலிலிருந்து அடித்துவிடுக. இப்பொழுது சார்பு எஞ்சாதவை எவையோ அவற்றுள் ஒன்றை அடுத்து எழுதுக. யாவும் தீரும்வரை இவ்வாறே செய்க. இடையில் சார்பு எஞ்சாத கோப்பு ஒன்றுமே கிடைக்காவிடின், ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்த பிழை உள்ளது எனத் துணியலாம்.

ஐந்து கோப்புகளை 120 விதமாக அடுக்கலாம். அவற்றுள் மேற்கூறிய சார்புகளுக்கு இயைந்தவை மூன்றே. மூலம் முதலிலும் இணக்கக் கோப்பு இறுதியிலும் நிற்க, ஊர் விளக்கு ஊருக்குப் பின்னரே வர, வானிலை மட்டும் இடையில் மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கலாம். குருட்டாம்போக்கில் அடுக்குபவருக்கு நாற்பதில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. பத்துக் கோப்புகளாயின் அடுக்கும் விதங்கள் 36,28,800 ஆகும். முறையின்றி முயல்வது ஏன் பயனற்றது என்பதற்கு இக்கணக்கே சான்று.

'லூட்' என்னும் இலவசக் கருவி இவ்வகைக் கணக்கைத் தானே செய்கிறது. கோப்புகளின் தலைப்பகுதியில் உள்ள சார்புகளோடு, ஆர்வலர்கள் திரட்டி வைத்துள்ள குறிப்புகளையும் அது கருத்தில் கொள்ளும். எனினும் அதன் வரம்பை உணர வேண்டும். சார்பில் தவறில்லாத வரிசையை அது தரும். வாளின் எடை 6 ஆக வேண்டுமா, 9 ஆக வேண்டுமா என்பதை அது அறியாது. அம்முடிவு ஆடுபவருடையது.

நடைமுறைக் குறிப்புகள்

1. ஒவ்வொரு தொகுப்பையும் சேர்க்குமுன் அதனை இயற்றியவரின் குறிப்பை முழுவதும் படித்து, தேவையான தலைமைக் கோப்புகள் யாவை எனக் குறித்துக்கொள்க.

2. இரண்டு மூன்று தொகுப்புகளாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் விளையாட்டைத் துவக்கிச் சோதித்துப் பார்க்க.

3. கருவியால் வரிசைப்படுத்திய பின்னர், முக்கியமான போட்டிகளை எக்ஸ்எடிட்டில் நோக்கி, தேவையான இணக்கக் கோப்புகளை இறுதியில் அமைக்க.

4. பிழை நேர்ந்தால் தொகுப்புகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நிறுத்திவைத்துச் சோதிக்க. பிழைக்கு ஒரு தொகுப்பே காரணமாயின், 64 தொகுப்புகளில் அதனை ஆறே சோதனைகளில் கண்டுவிடலாம். தலைமைக் கோப்பையும் அதனைச் சார்ந்ததையும் பிரித்தல் கூடாது. இச்சோதனையைப் புதிய ஆட்டத்திலேயே செய்க.

5. நெடுநாள் ஆடிச் சேமித்த ஆட்டத்தின் நடுவே தொகுப்பை நீக்காதீர். தொகுப்பு இயக்கிய நிரல்களின் எச்சங்கள் சேமித்த கோப்பிலேயே தங்கிவிடும். நீக்கிய அன்று தீங்கு தெரியாமல், பல நாள் கழித்து ஆட்டம் கெடுவதும் உண்டு. பல மாத உழைப்பு இவ்வாறு பாழாகக் கூடும். வரிசையை முதலில் உறுதி செய்து, நகல் எடுத்து வைத்து, அதன் பின்னரே நீண்ட ஆட்டத்தைத் துவக்குக.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

மேற்கூறிய ஐந்து கோப்புகளின் கணக்கைக் கரும்பலகையில் எழுதி நடத்தக் கணிப்பொறி வேண்டியதில்லை. ஐந்து அட்டைகளும் சுண்ணக்கட்டியும் போதும். கோப்புகளுக்குப் பதிலாக வீடு கட்டும் வேலைகளையோ, பாடத்திட்டத்தின் பகுதிகளையோ அட்டைகளில் எழுதினாலும் முறை மாறாது. களப்பணியாளர்களும் தம் பருவகால வேலைகளை இவ்வாறே எழுதிப் பார்த்தல் நலம்.

விளையாட்டில் நாட்டமுள்ள மாணவன் இரண்டு வேறுபட்ட வினாக்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் அதுவே பெரும்பயன். எது எதனைச் சார்ந்தது என்பது ஒன்று. இரண்டு முரண்படுமிடத்து எதனை ஏற்பது என்பது மற்றொன்று. முதலாவதைக் கணக்கால் தீர்க்கலாம். இயந்திரத்திடம் ஒப்படைக்கவும் செய்யலாம். இரண்டாவதை ஆராய்ந்து மனிதரே தீர்மானிக்க வேண்டும். வரிசை சரியாக இருந்தும் விரும்பிய பயன் கிட்டாதபொழுது, மீண்டும் மீண்டும் அடுக்கிக் காலம் கழிக்காமல், இணக்கம் காண வேண்டிய இடம் எது என்று தேடுபவனே விரைவில் வழி காண்பான்.