பி.டி. பீரியடில் நடக்கும் கணக்கு

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியடுதான். பாடம் முடியவில்லை என்று ஓர் ஆசிரியர் கேட்பார், கொடுத்துவிடுவார்கள். விளையாட்டு உடம்புக்கு, படிப்பு மூளைக்கு என்று பிரித்து வைத்திருப்பதால் யாருக்கும் இது நஷ்டமாகத் தெரிவதில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தெரு ஒன்றில் பாண்டி ஆடும் ஏழு வயதுப் பெண்ணைக் கவனியுங்கள். சில்லு கிடக்கும் கட்டத்தை மிதிக்கக் கூடாது. தூக்கிய கால் தரையில் படக் கூடாது. கோட்டைத் தொட்டால் அவுட். விதியை நினைவில் வைப்பது, காலை அடக்குவது, சில்லு தள்ளி விழுந்தால் சட்டென்று போக்கை மாற்றுவது: வாய்க்கணக்குப் போடும்போதும் மூளைக்கு இந்த மூன்று வேலையும் உண்டு.

பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை, எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். நரம்பணுக்களில் சுமார் 80 சதவீதம் அங்கேதான். உடல் சமநிலைக்கான உறுப்பு என்றே அதை நெடுங்காலம் கருதினார்கள். புதிய, கடினமான வேலையில் இறங்கும்போது நெற்றிப் பக்கத்து மூளையும் அதுவும் சேர்ந்தே இயங்குவதை 2000-ல் உளவியலாளர் அடேல் டயமண்ட் எடுத்துக்காட்டினார். மைதானத்தை நாலு சுற்று ஓடினால் மதிப்பெண் ஏறிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. யோசித்து ஆடும் ஆட்டங்களே அதிகம் உதவும் என்பது அவர் கட்சி.

அத்தகைய ஆட்டங்கள் பெண் பிள்ளைகளுக்கு எட்டுகின்றனவா? ஓடுவதிலும் தாவுவதிலும் சிறுமியரும் சிறுவரும் ஏறக்குறைய சமம். எறிவது, உதைப்பது போன்ற பந்து வேலைகளில்தான் பல நாட்டு ஆய்வுகளிலும் சிறுமியர் பின்தங்குகிறார்கள். பழக்கம் இல்லாததுதான் பெருங்காரணம் என்பேன். அண்ணனுக்கு கிரிக்கெட் மட்டை, தங்கைக்குச் சொப்புச் சாமான். அஞ்சாங்கல்லில் ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளிப் பிடிக்கிற கைக்குப் பந்து பிடிக்க வராதா என்ன?

கடலூரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த இந்திரா காந்தி அகாடமியின் பெண்கள் கால்பந்து அணி, தேசிய அளவிலான இந்தியப் பெண்கள் லீக் வரை போனது. இதே ஊர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர், காவல்துறையிலும் பணியில் சேர்ந்தவர். 2018-ல் தமிழ்நாடு மகளிர் அணி, மணிப்பூரை 2-1 என வென்று முதல்முறையாக தேசியப் பட்டம் பெற்றது. நடுக்களத்தில் ஆடுபவர், பந்து காலுக்கு வருமுன்பே யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். கால் பலம் மட்டும் அங்கே செல்லாது.

இப்படி ஆட எவ்வளவு நேரம் வேண்டும்? 3, 4 வயதில் நாளுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கன்வாடியும் வீட்டு வாசலும் சேர்ந்தால் அது கிடைக்க வாய்ப்பு உண்டு. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குமளவு. சிக்கல் பின்னால் வருகிறது. 2016 நிலவரப்படி உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதத்தினருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. பையன்களும் அப்படியொன்றும் வாழ்ந்துவிடவில்லை: 78 சதவீதம். நம் பக்கத்தில் பெரியவளானதும் 'இனி என்ன ஆட்டம்' என்று வீட்டில் தடை போடுவார்கள். பள்ளியில் உடை மாற்ற இடமோ கழிப்பறையில் தண்ணீரோ இல்லையென்றால், தடை இல்லாத பெண்ணும் மைதானத்துக்கு வரமாட்டாள். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்கவேண்டும் என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். தண்ணீரைப் பற்றிக் கேட்க அம்மாக்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.