மோட்டார்ஹோம் ஏசி: ஃபேன் சுத்தலைன்னா மொத்தமா மாத்தணுமா?

ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களின் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, கழிவறை என எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்த மாதிரி வண்டியில்தான் அமெரிக்காவில் பல குடும்பங்கள் வாரக்கணக்கில் ஊர் சுற்றுகின்றன. அங்கே அதற்குப் பெயர் மோட்டார்ஹோம். கூரை மேல் ஒரு ஏசி இருக்கும். 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடித்தது. அப்படியொரு மதியத்தில் ஏசியிலிருந்து 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருது, காத்து வரலைன்னா?

பலரும் உடனே "ஏசி போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புது ஏசி என்றால் ஆயிரம் டாலர் அளவுக்குச் செலவு. ஆனால், சில பத்து டாலர் விலையுள்ள ஒரு குட்டி பாகம்கூட இதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒரே மோட்டார், இரண்டு வேலை

கூரை ஏசி வழக்கமாக 13,500 அல்லது 15,000 பி.டி.யு அளவில் வரும். நம்ம ஊர் கணக்கில் சுமார் 1.1 டன், 1.25 டன். பெரும்பாலான மாடல்களில், விண்டோ ஏசி மாதிரியே, ஒரே மோட்டார்தான். அதன் ஷாஃப்ட்டின் ஒரு முனை வண்டிக்குள் குளிர்காற்றைத் தள்ளும். மறுமுனையில் உள்ள ஃபேன் சூட்டை வெளியேற்றும். மோட்டார் நின்றால் இரண்டும் நிற்கும். அந்த நிலையில் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் அதுவும் சூடேறிக் கெடும். அதனால் காற்று நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏசியை அணைப்பது.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

சத்தமே இல்லை: மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அமெரிக்க வண்டிகளில் ஏசி 120 வோல்ட்டில் ஓடும். சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். பிரேக்கர், 12 வோல்ட் ஃபியூஸ் இரண்டையும் பார்க்க வேண்டும்.

'ம்ம்ம்' சத்தம் மட்டும்: பிரேக்கரை அணைத்து, மேல்மூடியைக் கழற்றி, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். இறுக்கமாக இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது குளவிக்கூடு, குப்பை ஏதாவது அடைத்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது: மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. வோல்டேஜையும் பாருங்கள். முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடும் மதியத்தில் அது இறங்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏசியை ஓட்ட வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை.

காற்று வருது, குளிர் இல்லை: ஃபேன் மேல் தப்பில்லை. ஃபில்டரைக் கழுவுங்கள். காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் 'ஃபேன் மட்டும்' வைத்து உருக விடுங்கள்.

சீலிங் ஃபேன் சொல்லும் பாடம்

வீட்டில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், எலக்ட்ரீஷியன் வந்து "கண்டென்சர் போயிடுச்சு" என்று ஒரு சின்ன டப்பாவை மாற்றுவார் அல்லவா? அவர் சொல்லும் கண்டென்சர்தான் கெப்பாசிட்டர். இங்கேயும் அதே நோய்தான். ஏசியில் 'கண்டென்சர்' என்றே வேறொரு பெரிய பாகம் உண்டு என்பதால், கடையில் கேட்கும்போது 'கெப்பாசிட்டர்' என்றே கேளுங்கள்.

அதன் தலை உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம்; மல்டிமீட்டரில் அளந்தால் தெரியும். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவிலிருந்து, அதில் குறிப்பிட்ட 5 அல்லது 6 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றுங்கள். புதியதிலும் அதே மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக் கூடாது.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் பலமாக ஷாக் அடிக்கும். அதைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரியாதவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது. மின்சாரம் இருக்கும்போது குச்சியால் ஃபேனைத் தள்ளிவிடும் வேலையும் வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். மோட்டார்ஹோமும் வெயிலில் நிற்கும் ஒரு பெட்டிதான். ரிப்பேர் பார்ப்பதற்கு முன்பே குழந்தைகள், வயதானவர்கள், செல்லப்பிராணிகளை நிழலான, குளிர்ந்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஏசியை சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.