முதல் வேலை: முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள்

பட்டம் வாங்கிவிட்டீர்கள், வேலையும் கிடைத்துவிட்டது. கல்லூரியில் நீங்கள் ஒரு தாளை எழுதாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். அலுவலகத்தில் அப்படியில்லை. நீங்கள் முடித்துக் கொடுத்தால்தான் பக்கத்து இருக்கைக்காரர் தன் வேலையைத் தொடங்க முடியும். அதனால் நல்ல ஊழியருக்கு முதல் தகுதி, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்வது. முன்னால் சொன்னால் தகவல், பின்னால் சொன்னால் சாக்கு.

ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வருமா?

பெரும்பாலும் வராது. நிறுவனம் சொல்லும் தொகை சி.டி.சி. (உங்களுக்காக அது ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு). பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் நிறுவனம் கட்டும் பங்கும் பல இடங்களில் இதற்குள்ளேயே அடங்கும். உங்கள் பங்காக, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 12% பிடிப்பார்கள். வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் முடிவு செய்யும் முன் எச்.ஆர். (பணியாளர் பிரிவு) அலுவலரிடம், “பிடித்தம் போக மாதம் கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் எதைப் படிக்க வேண்டும்?

புரொபேஷன் (தகுதிகாண் காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் பீரியட் (விலகப்போவதாகச் சொன்ன பிறகு வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள், பாண்ட் (இத்தனை காலம் இருப்பேன் என்ற ஒப்பந்தம்) உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுங்கள்.

ஒருநாள் தாமதமாகிவிட்டால்?

வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே டீம் லீடருக்குச் சொல்லிவிடுங்கள். “டிராஃபிக் சார்” என்பது போதாது. “தாம்பரத்தில் ரயில் நிற்கிறது, 10.15-க்கு வந்துவிடுவேன், 10 மணிக் கூட்டத்துக்கான கணக்கை மெயிலில் அனுப்பிவிட்டேன்” என்றால் அவருக்கு வேலை நடக்கும். லீவும் இப்படித்தான். அக்கா கல்யாணத் தேதி மூன்று மாதம் முன்பே தெரியும்போது, முந்தின நாள் லீவு கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

புரியவில்லை என்று கேட்டால் மட்டமாக நினைப்பார்களா?

புதிதாக வந்தவர் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “ஓகே சார்” என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம் வெறுங்கையோடு நிற்பதுதான் தப்பாகப் படும். வேலையைச் சொன்னவுடன், “இந்தப் பட்டியலை எக்செலில், வியாழன் மதியத்துக்குள் தர வேண்டும், சரியா சார்?” என்று திருப்பிச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பிறகு சிக்கினால் அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். அப்புறம், எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். முதல் தடவை கேட்டால் பொறுமையாகச் சொல்பவர்கூட அதையே மூன்றாம் தடவை கேட்டால் சலித்துக்கொள்வார்.

தவறு செய்துவிட்டால் மறைக்கலாமா?

மறைக்கவே கூடாது. பழைய விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் டீம் லீடரிடம் சொன்னால் திருத்திய பட்டியலோடு ஒரு மெயில் போதும். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தால், வாடிக்கையாளர் அந்த விலைக்கே ஆர்டர் போட்டிருப்பார். நஷ்டத்தை நிறுவனம் தாங்கலாம், ஆனால் அடுத்த முக்கியமான வேலை உங்கள் கைக்கு வராது. என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். காரணத்தை டீம் லீடர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

எல்லோரையும் எப்படிக் கூப்பிடுவது?

வங்கியிலும் தொழிற்சாலையிலும் சார், மேடம் வழக்கம். பல மென்பொருள் நிறுவனங்களில் மேலாளரையே பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். முதல் நாள் மற்றவர்கள் பேசுவதைக் கவனித்தால் தெரிந்துவிடும். அண்ணா, அக்கா எல்லாம் டீக்கடையோடு நிற்கட்டும், மெயிலில் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் ஜோக் போட்டால் என்ன?

பெண்களைப் பற்றிய ஆபாச ஜோக் வேலையையே பறிக்கலாம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் நோக்கமுள்ள பேச்சையும் பாலியல் தொல்லையாகவே பார்க்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு (விசாரிக்கும் குழு) இருக்க வேண்டும். நீங்கள் பாதிக்கப்பட்ட பெண் என்றால், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம்.

இரவில் இன்னொரு வேலை பார்க்கலாமா?

உங்கள் ஒப்பந்தம் தடுத்தால் கூடாது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக 2022-இல் விப்ரோ அறிவித்தது. உங்கள் பி.எஃப். கணக்குகள் எல்லாம் யு.ஏ.என். என்ற ஒரே 12 இலக்க எண்ணில் சேர்வதால், இரண்டு இடத்திலும் பி.எஃப். பிடித்தால் அது பதிவில் தெரியும். சந்தேகம் இருந்தால் முதலிலேயே எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் போகாமல் நின்றுவிடலாமா?

விலகுவது உங்கள் உரிமை, சொல்லாமல் நிற்பது உங்களுக்கே நஷ்டம். ரிலீவிங் லெட்டர் (முறையாக விடுவித்த கடிதம்) கிடைக்காமல் போகலாம். அடுத்த நிறுவனம் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கும். பழைய இடத்தில் உங்களைப் பற்றி விசாரிக்கவும் செய்யும். பி.எஃப். பதிவில் நீங்கள் விலகிய தேதி ஏறாவிட்டால், பணத்தை மாற்றுவதும் இழுபறியாகலாம். எனவே புது இடத்தில் சேரும் தேதியைச் சொல்வதற்கு முன், நோட்டீஸ் நாட்களை எண்ணிப் பாருங்கள். 60 நாள் என்றால், அந்த 60 நாளையும் புது நிறுவனத்திடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.