ஒன்றும் ஷீப், நூறும் ஷீப்

ஒரு டாக், பல டாக்ஸ் என்று பாடம் ஒப்பிக்கும் உங்கள் பிள்ளை, அதே வேகத்தில் ஒரு ஷீப், பல ஷீப்ஸ் என்று எழுதிவிடுகிறது. விடைத்தாளில் சிவப்பு மைக்கோடு விழுகிறது. ஏன் தவறு என்று வீட்டில் வந்து கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்பதே நாம் தரும் மறுமொழி. ஆங்கிலம் நியாயமே இல்லாத மொழி என்னும் கசப்பு அந்தப் பிஞ்சு உள்ளத்தில் அப்போதுதான் விதைக்கப்படுகிறது. அன்பான பெற்றோரே, அச்சொல் அவ்வாறு நிற்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பிள்ளைக்குச் சொல்லலாம்.

1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றும் முன்னர் அங்கு வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். அதில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத நடுப்பால் என மூவகைப்பட்டிருந்தன. இன்று எங்கும் காணும் 'ஸ்' என்னும் பன்மை ஈறு அன்று ஆண்பால் சொற்களில் ஒரு பிரிவுக்கே உரியதாக இருந்தது. நடுப்பால் சொற்களில் குறுகிய அசையுடையவை பன்மையில் ஓர் உகரம் பெற்றன. நீண்ட அசையுடையவற்றில் அவ்வுகரம் தேய்ந்து மறைந்தது. ஷீப், மானைக் குறிக்கும் டீர், பன்றியைக் குறிக்கும் ஸ்வைன் ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஹவுஸ், ஹார்ஸ், வேர்ட் ஆகியவற்றின் மூதாதைச் சொற்களும் அன்று ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவில்தான் நின்றன!

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் 'ஸ்' ஈறு பெருவெள்ளமாய்ப் பரவியது. வீடும் குதிரையும் அதற்கு இணங்கின. ஷீப்பும் டீரும் இணங்கவில்லை. மந்தையாகவும் வேட்டைப் பொருளாகவும் எண்ணப்பட்ட விலங்குகளைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் தேவை குறைவு என்று காரணம் கூறுவர். எனக்கு இது முழு நிறைவளிக்கவில்லை. பசுவும் மந்தைதானே? வெள்ளாட்டைக் குறிக்கும் கோட் என்ற சொல்லோ பழைய காலத்தில் உள்ளுயிர் திரிந்து பன்மையாகி, பிற்காலத்தில் கோட்ஸ் ஆகிவிட்டது. நமக்கு வெள்ளாடும் செம்மறியும் 'ஆடு' என்ற ஒரே சொல்லில் அடங்குவதால், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய ஆட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை.

மீனின் கதை வேறு. ஃபிஷ் பழைய ஆங்கிலத்தில் ஆண்பால் சொல். முறையாகப் பன்மை ஈறு பெற்றே வந்தது. பிற்காலத்தில்தான் ஷீப்போடு சேர்ந்துகொண்டது. எனவே ஃபிஷஸ் என்று எழுதிய பிள்ளையை உடனே கண்டிக்காதீர்கள். பல இன மீன்களைப் பற்றிப் பேசும்போது அவ்வடிவம் முற்றிலும் சரியே; மீனியல் அறிஞர்கள் அதையே ஆள்கின்றனர். ஸாமன், ட்ரவுட் ஆகிய மீன்பெயர்கள் பன்மையிலும் மாறுவதில்லை. ஆனால் சுறாவுக்கு ஷார்க்ஸ், மத்திக்கு ஸார்டீன்ஸ் என்று ஈறு வேண்டும். கடற்கரை ஊர்களில் வாழும் நம் மக்கள் இதைக் குறித்துக்கொள்க.

வடிவம் ஒன்றானால் எண்ணிக்கையை எவ்வாறு அறிவது? இங்கே நம் தமிழே பிள்ளைக்கு வழிகாட்டும். மாடு வந்தது, மாடு வந்தன என்னும் இரண்டும் தமிழில் பிழையற்ற தொடர்கள். இத்தகைய பெயரை நன்னூல் வழிவந்த இலக்கணம் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது. 'கள்' ஈறு இல்லாமலே வினைமுற்று பன்மையைக் காட்டிவிடும். சந்தையில் "பத்து ஆடு வாங்கினேன்" என்பவரும் இவ்வழக்கையே பின்பற்றுகிறார். அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு 'ஃபுல்க்' என்னும் சொல் நினைவுக்கு வரும். திருக்குர்ஆன் 26:119-இல் நூஹ் நபி (அலை) அவர்களின் ஒரே கப்பலை அது குறிக்கிறது. 10:22-இல் அதே சொல்லுக்குப் பின் பன்மை வினை வருவதால் பல கப்பல்கள் என்று அறிகிறோம்.

ஆனால் ஆங்கிலத்தில் ஓர் இடர் உண்டு. நிகழ்காலத்தில் இஸ், ஆர் என்றும், இறந்தகாலத்தில் வாஸ், வேர் என்றும் வேறுபாடு தெரியும். மற்ற இறந்தகால வினைகளில் தெரியாது. 'தி ஷீப் ரேன்' என்றால் ஓடியது ஓர் ஆடா, நூறு ஆடுகளா? தமிழில் ஓடியது, ஓடின என்பதோடு ஐயம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்திலோ தட், தோஸ் போன்ற சுட்டுச்சொல்லோ எண்ணுப்பெயரோ முன்னே நின்று உதவ வேண்டும்.

ஏர்கிராஃப்டை ஏர்கிராஃப்ட்ஸ் என்று படித்தவர்களும் எழுதுவதைக் காண்கிறோம். கிராஃப்ட் என்பது ஆதியில் வலிமை, திறன் என்று பொருள்பட்டது. கைத்தொழில்கள் என்னும் பொருளில் அதற்கு 'ஸ்' ஈறு உண்டு. ஊர்தி என்னும் பொருளில் தேவையில்லை. ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் என்பவற்றை இவ்வகையில் சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவை எண்ணப்படாத பெயர்கள். ஒரு ஷீப் என்று கூறலாம், ஒரு ஃபர்னிச்சர் என்று கூறலாகாது.

ஸீரிஸ், ஸ்பீஷீஸ் என்னும் இரண்டும் இலத்தீனிலிருந்து வந்தவை. இறுதியிலுள்ள 'ஸ்' அங்கே ஒருமைக்கும் உரியது. அதைப் பன்மை ஈறு என்று கருதி, ஓர் உயிரினத்தைக் குறிக்க ஸ்பீஷி என்று வெட்டிவிட்டால் பொருளே மாறிவிடும். அப்படியும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதன் பொருள் நாணயப் பணம்!