‘துஞ்சினார்’ – ஒரு சொல்லும் அது படைத்த பொருளும்

சொல் பொருளை உணர்த்தும் கருவி என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அக்கருவி தான் உணர்த்தும் பொருளையே தன் இயல்புக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் வல்லது என்பது அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. ஒரு நிகழ்ச்சியை இருவேறு சொற்களாற் கூறுமிடத்து, நிகழ்ச்சி ஒன்றேயாயினும், கேட்போர் உள்ளத்தில் எழும் பொருள் இரண்டாகின்றது. இவ்வுண்மையைத் ‘துஞ்சுதல்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். ஓர் அரசன் சிறையில் இறந்தானா, உயிருடன் மீண்டானா என்னும் வரலாற்று வினா ஒன்று இச்சொல்லைப் பற்றியே நிற்றலின், இவ்வாராய்ச்சி வெறும் சொல்விளையாட்டு ஆகாது என்க.

1. இலக்கணம் வகுத்த இடம்

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் தகுதி பற்றிய வழக்கை உடன்பட்டார். பிற்காலத்து வந்த பவணந்தியார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்து வழங்கினார். மங்கலத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் தலைசிறந்தன.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. மங்கல வழக்கை நம் இலக்கண நூலார் பிழையென விலக்கவில்லை; பொய்யெனக் கடியவுமில்லை. இயல்பு வழக்கோடு ஒப்ப அதனையும் வழக்கென்றே கொண்டனர். பொருளை உள்ளவாறு சொல்லுதல் ஒன்று. கேட்போர்க்குத் தக்கவாறு சொல்லுதல் மற்றொன்று. இரண்டும் மொழியின் தொழிலே என்பது அவர்தம் துணிபு.

2. துயிலும் சாவும்

துஞ்சுதல் என்பதன் முதற்பொருள் உறங்குதல். அசைவின்றித் தங்குதல் என்னும் பொருளும் அதனோடு ஒட்டியதே. மலைமேல் முகில் துஞ்சும் எனப் புலவர் கூறுதல் இதுபற்றியாம். திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்துக் குறள் ஒன்று (926) உறங்குவாரையும் இறந்தாரையும் ஒப்பிடுகின்றது. ஆண்டுத் துஞ்சுதல் உறக்கத்திற்கும், சாதல் இறப்பிற்கும் தனித்தனியே நிற்கின்றன. அவ்விடத்துத் துஞ்சினார் என்பதற்கு இறந்தார் என்று பொருள் கொண்டால் ஒப்புமையே அழிந்துபோம். நிலையாமை அதிகாரத்துக் குறளோ (339) சாவை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் உவமித்தது. உவமையால் விளங்கக் கூறியதனை மங்கல வழக்கு ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. உவமை மறைய, துயிலே சாவாய் நின்றுவிடுகிறது.

3. புறநானூற்றுக் குறிப்புகள்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில், பாடல்களின் ஈற்றில் அமைந்த பழங்குறிப்புகள் இச்சொல்லைப் பெருவழக்காக ஆள்கின்றன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் எனவும், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனவும் வரும் பெயர்களை நோக்குக. ஒரே பெயருடைய வேந்தரை வேறு பிரித்தறிய அவர்கள் இறந்த இடமே அடையாளமாயிற்று. எனினும், ‘செத்த’ என்னாது ‘துஞ்சிய’ என்றமையால் அவ்வடையாளமே சிறப்புப் பெயராகவும் உயர்ந்தது. களத்தில் மாண்டவரைப் பொருது வீழ்ந்தார் என வேறுபடக் கூறுதலும் அக்குறிப்புகளில் உண்டு.

இனி, மேற்சுட்டிய வினாவிற்கு வருவோம். புறம் 74ஆம் பாட்டின் குறிப்பு, சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்து, தண்ணீர் கேட்டுப் பெறாது, பின்னர்ப் பெற்ற நீரைப் பருகாது கையிற் கொண்டிருந்து, அப்பாட்டைச் சொல்லித் துஞ்சினான் என்கிறது. களவழி நாற்பது பற்றிய மரபோ, பொய்கையார் அந்நூலைப் பாடிச் சேரனைச் சிறைமீட்டார் என்கிறது. கலிங்கத்துப்பரணியும் அச்செய்தியைச் சுட்டும்.

இரு செய்திகளும் முரணுகின்றன. ‘துஞ்சிய’ என்பதற்கு ‘உறங்கிய’ என்று பொருள் கொண்டால் முரண் நீங்கிவிடும். சேரன் உறங்கி எழுந்தான், பின்னர் விடுதலை பெற்றான் என்று அமைதி கூறலாம். அகராதி இதனைத் தடுக்காது; உறக்கம் அச்சொல்லின் முதற்பொருள் அன்றோ? ஆயினும், வழக்குத் தடுக்கிறது. வேந்தர் பெயரோடு சார்த்தித் துஞ்சிய என்று அக்குறிப்புகள் கூறுமிடங்களில் இறப்பே பொருளாக வருகின்றது. மானம் கருதி நீரை மறுத்தவன் செயலுக்கு முடிவாக உறக்கத்தைக் கூறுதலும் பொருந்துவதன்று. ஆதலின், குறிப்பெழுதினார் கருதியது சாவே என்று யாம் கொள்கின்றோம். களவழி மரபோடு அதற்குள்ள முரணைச் சொல்லின் பொருளைத் திரித்துத் தீர்த்தல் முறையாகாது; அஃது இருவேறு மரபுகளின் முரணாகவே நிற்றல் வேண்டும்.

இன்னும் ஒன்று: அப்பாட்டினுள்ளே இறந்துபட்ட குழவியைக் குறிக்க வந்த சொல் ‘இறத்தல்’, குறிப்பில் அரசனுக்கு வந்தது ‘துஞ்சுதல்’. பாடினோனது சினமும் நாணமும் பாட்டில் கொதித்து நிற்க, குறிப்பின் ஈற்றுச்சொல் அவனை அமைதியாகக் கிடத்திவிடுகின்றது.

4. யானைமேல் துயின்றவன்

சோழர் கல்வெட்டுகள் இவ்வழக்கை மேலும் வளர்த்தன. முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சினவன். அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சினவன். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சினவன். அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் முதலாம் இராசராசன் எடுத்த கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. பள்ளி என்பது துயிலிடம். சாவைத் துயிலென்ற சொல், நினைவுக் கோயிலைத் துயிலிடமாக்கிற்று. சொல்லில் தோன்றிய உருவகம் கல்லிலும் எழுந்தது.

இவர்கள் எல்லாரினும் வியப்புக்குரியவன் முதலாம் பராந்தகன் மகன் இராசாதித்தன். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு பொருது மாண்ட அவனுக்கு ‘ஆனைமேல் துஞ்சின’ என்பது அடைமொழி. அந்நிகழ்ச்சியைப் பகைவர் தரப்பு எவ்வாறு கூறிற்று? கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகன் அவனை யானையின் அம்பாரியிலேயே குத்திக் கொன்றான் என்று வெளிப்படையாகக் கூறும். சோழரது ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, அவன் யானைமீதிருந்து பொருது அம்பு பட்டு மாண்டான் என்கிறது. ஒருவன் சாவுக்கு மூன்று சொல்வடிவங்கள்: ஒன்றில் கொன்றவன் முதன்மை பெறுகின்றான், ஒன்றில் போர் முதன்மை பெறுகின்றது, அடைமொழியிலோ கொன்றவனும் இல்லை, போரும் இல்லை, யானையும் துயிலுமே எஞ்சுகின்றன. இலக்கண முறையில் நோக்கினும் இவ்வேறுபாடு தெளிவாகும். ‘கொன்றான்’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை; அது கொன்றவனை எழுவாயாக வேண்டி நிற்கும். ‘துஞ்சினான்’ என்பது செயப்படுபொருள் குன்றியவினை. அங்கே இறந்தவனே எழுவாய், பகைவனுக்கு இடமே இல்லை.

இதனோடு செங்கம் வட்டாரத்து நடுகற்களை ஒப்பிட்டு நோக்குக. ஆநிரை மீட்டு மாய்ந்த மறவரை அவை ‘பட்டான்’ என்று கூறும். படுதல் என்பதும் விழுதல், மறைதல் என்னும் பொருள்களைத் தழுவியதே. எனினும், அச்சொல் போரை மறைப்பதன்று. தொறுவை மீட்ட செயலும் அதனோடு சேர்ந்தே பொறிக்கப்பட்டது. மறவன் தன் செயலோடு நின்றான். இளவரசன் செயலினின்று பிரிக்கப்பட்டுத் துயிலில் வைக்கப்பட்டான்.

5. முடிபு

மங்கலச் சொல்லும் தேய்வுறும். இன்று நாம் இயல்பாக வழங்கும் ‘இறந்தார்’ என்பதே பழைய மங்கலம். இறத்தல் என்றால் கடத்தல் என்று பொருள். இறந்தகாலம் என்னும் வழக்கில் அப்பொருள் இன்னும் உள்ளது. அது தேய்ந்தபின் காலமானார், இயற்கை எய்தினார் என்பன வந்தன. துஞ்சினார் என்பதோ பேச்சு வழக்கினின்று நீங்கிற்று.

ஆனால், சொல்லின் வழியாகச் சாவுக்கு மதிப்பு வகுக்கும் வழக்கம் நீங்கவில்லை. இன்றைய நாளிதழ்களில் தலைவர் ஒருவர் ‘காலமானார்’. விபத்தில் மாண்ட கூலித்தொழிலாளர் ஐவர் ‘பலி’. பலி என்பது தெய்வத்திற்கு இடும் படையல். யார் இட்டார், யாருக்கு இட்டார் என்னும் வினா அச்சொல்லில் எழுவதில்லை. ஐவர்க்கும் பெயர் இல்லை, வினைமுற்றுக்கூட இல்லை, எண்ணும் ஒரு பெயர்ச்சொல்லுமே உள.

ஆதலின், பழைய நூலையும் கல்வெட்டையும் ஆராயும் மாணாக்கர் ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருளோடு அமைதல் போதாது. அச்சொல் யாருக்கு வழங்கிற்று, யாருக்கு வழங்கவில்லை, எதனை வெளிப்படுத்திற்று, எதனைத் துயிலச் செய்தது என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அச்சொல்லின் பொருளை நாம் அறிந்தவராவோம்.